நாலே முக்கால் வாசகன்

உன் கடையை இன்று காலையில் காலி செய்தோம். ஷட்டரைத் தூக்கியதும் முதலில் வந்தது வாசனைதான். மெஷினை விற்று எட்டு மாதம் ஆகிவிட்டது. ஆனாலும் ஜெராக்ஸ் மெஷினிலிருந்து சூடாக வெளியே வரும் காகிதத்தின் அந்த மணம், கொஞ்சம் மையும் கொஞ்சம் கருகலுமாகச் சுவரோடு ஒட்டிக்கொண்டு அங்கேயே இருந்தது. மூக்கில் ஏறியவுடன் எனக்குப் பழைய வியாதி திரும்பிவிட்டது. நீ போய் ஒன்றரை வருஷம் கழித்தும் உன் கடை வாசலில் நின்றால் எனக்கு வயிறு எரிகிறது என்றால் பார்த்துக்கொள்.

நாற்காலிகளையும் கம்ப்யூட்டர் மேஜைகளையும் டெம்போவில் ஏற்ற ஆள் வேண்டும் என்றுதான் உன் மனைவி கூப்பிட்டார் என்று நினைத்துப் போனேன். எல்லாம் ஏற்றி முடித்த பிறகு ஒரு நீலநிற ஃபைலை எடுத்து என் கையில் கொடுத்தார்.

“இது உங்களுதுணா. உங்களாண்ட குடுன்னு அவரு ஒன்னும் சொல்லல. ஆனா உங்களுதுதான்.”

அதைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். செய்தி என்றால் முக்கியமானதை முதல் வரியில் வைக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பத்து வருஷமாக அப்படித்தான் எழுதுகிறேன். இதில் அது முடியவில்லை. ஃபைலில் இருந்ததைக் கடைசியில்தான் சொல்வேன். அதற்கு முன்னால் உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

உன்மேல் எனக்குப் பொறாமை. இருந்தது என்று எழுதப் பார்த்தேன், பொய்யாக இருந்தது. அன்பும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் காலையில் அன்பு எழுந்திருப்பதற்குள் பொறாமை எழுந்து பல் துலக்கிவிட்டு உட்கார்ந்திருக்கும்.

பொன்னேரியில் நாம் ஒரே பெஞ்சில் படித்தபோது இந்தத் தொல்லை கிடையாது. தமிழ்க் கட்டுரையில் நான்தான் முதல். பழவேற்காட்டிலிருந்து பஸ் ஏறி, பாதி நாள் இரண்டாவது பீரியடுக்கு வந்து சேரும் நீ, என் நோட்டைப் பார்த்து எழுதுவாய். அதையும் தப்பாக எழுதுவாய். உன் குடும்பத்தில் எல்லாரும் வியாபாரம். உனக்கும் அதுதான் என்று எல்லாரும் நினைத்தோம். நான் எழுத்துக்காரன் ஆவேன் என்று முடிவாகியிருந்தது. அந்தப் பங்கீட்டில் எனக்கு எந்தக் குறையும் இருக்கவில்லை.

அப்படியே நடந்தது. நான் ஒரு தினசரிக்குக் கும்மிடிப்பூண்டி வட்டாரத்தின் பகுதிநேர நிருபர் ஆனேன். வண்டியின் முன்னால் ‘பிரஸ்’ என்று சிவப்பில் ஒட்டிக்கொண்டேன். காவல் நிலையத்தில் நாற்காலி போடுவார்கள், கூட்டங்களில் முதல் வரிசை. நான் இருபது வரி எழுதி அனுப்பினால் மாவட்டப் பக்கத்தின் மூலையில் மூன்று வரி வரும். பெயர் வராது. மூன்று வரி வந்த நாளிலும் நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டுதான் திரிந்தேன். நீ தொழிற்பேட்டைக்குப் போகும் எஸ்டேட் ரோட்டில் ஜெராக்ஸ் மெஷினும் நாலு கம்ப்யூட்டரும் போட்டு பிரவுசிங் சென்டர் வைத்தாய். வேலை தேடுகிறவர்களுக்கு பயோடேட்டா அடித்துக்கொடுத்தாய். ‘பாய் கடை’ என்றால் தெரியாதவர்கள் இல்லை. அதில் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. ஜெராக்ஸ் கடையைப் பார்த்து நிருபர் ஏன் வயிறெரிய வேண்டும்?

பிறகு ஒருநாள் நீ என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, திரையைக் காட்டினாய். மேலே பச்சைப் பட்டையில் ‘நம்ம ஸ்டேஷன்’ என்று எழுதியிருந்தது. கீழே வரிசையாக ஊர்ப் பெயர்கள். ஆரம்பாக்கம், எளாவூர், கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, பொன்னேரி. ரயில் நிற்கும் ஊர் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். கடைசியில் ரயிலே போகாத பழவேற்காட்டுக்கும் ஒன்று வைத்திருந்தாய். சொந்த ஊருக்கு மட்டும் தண்டவாளம் போட்டுக்கொண்டாயா என்று கேட்டேன். சிரித்தாய்.

“நீ எழுது. நான் ஏத்தறேன். ரெண்டு பேரும் சேந்து நடத்தலாம்.”

இங்கே எத்தனை வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது, யார் படிப்பார்கள் என்று கேட்டேன். வெளிநாட்டில் இருக்கிற நம்ம ஆட்கள் முதலில் படிப்பார்கள், அவர்கள் ஊருக்குப் போன் பண்ணிச் சொன்னால் மற்றவர்களும் படிப்பார்கள் என்றாய். என்ன போடுவாய் என்று கேட்டதற்கு முதல் நாள் செய்திகளைக் காட்டினாய். எளாவூரில் மோட்டார் காயில் எரிந்து இரண்டு நாளாகத் தண்ணீர் இல்லை. கவரைப்பேட்டையில் ஒருவருடைய கறுப்பு எருமையைக் காணவில்லை, இடது கொம்பு உடைந்தது. இதெல்லாம் செய்தியா என்று கேட்டுவிட்டு நான் எழுந்து வந்துவிட்டேன். அன்றைக்கு நான் உட்கார்ந்திருந்தால் இந்த மடலை எழுத வேண்டியிருக்காது.

செய்தி சேர்க்க நீ எங்கும் அலையவில்லை. அதுதான் என்னை முதலில் குத்தியது. நான் வண்டியில் பெட்ரோல் ஊற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுவேன். நீ கல்லாவில் உட்கார்ந்து, ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுக்க வருகிறவரிடம், “உங்க ஊர்ல இன்னா விசேஷம்?” என்று கேட்பாய். ஒன்றும் இல்லை என்று சொன்னால் காகிதத்தைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொள்வாய். அவரும் யோசித்து யோசித்து, பக்கத்துத் தெருவில் பாம்பு வந்ததையோ தங்கச்சிக்குக் கல்யாணம் நிச்சயமானதையோ சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டு போவார். சாயங்காலம் நாலு மணிக்கு அத்தனையையும் தட்டச்சு செய்து ஏற்றிவிடுவாய். நாலு வாக்கியத்தில் மூன்றில் சந்திப்பிழை இருக்கும்.

உன் தளத்தின் அடியில் ஒரு கணக்கி இருந்தது. வண்டியின் கிலோமீட்டர் மீட்டர் மாதிரி, பார்த்தவர்களின் எண்ணிக்கை கறுப்புக் கட்டங்களில் ஓடும். நான் தினமும் நாலரை மணிக்கு பஸ் ஸ்டாண்ட் பக்கத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேப்பர் ஆபீசுக்கு ஃபேக்ஸ் அனுப்புவேன். அதற்கு அடுத்த கடை இன்னொரு பிரவுசிங் சென்டர். ஃபேக்ஸ் முடித்து அங்கே நுழையும்போது மணி நாலே முக்கால். மூலை கம்ப்யூட்டரில் உட்கார்ந்து உன் முகவரியை அடித்து, செய்தி எதையும் படிக்காமல், நேரே அடிக்குப் போய் எண்ணைப் பார்ப்பேன். நாற்பத்தொன்று. மறுநாள் நாற்பத்தாறு. ஊரில் ஐந்து பேருக்கு மேல் இவனைச் சீந்தவில்லை என்று சந்தோஷமாக டீ குடிப்பேன். நாலைந்து தடவை பார்த்தால்தான் மனசு ஆறும். அந்த ஐந்தில் நாலு நான்தான் என்பது எனக்கு உறைக்கவே ஒரு மாதம் ஆனது. உன் எண்ணிக்கை ஏறக்கூடாது என்று பார்க்கப் போய், நானே அதை ஏற்றிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது மாதம், ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் வைத்து நீ சொன்னாய். மூடிவிடலாமா என்று யோசிப்பதாக. வேலை அதிகம், படிக்க ஆள் இல்லை, வீட்டில் திட்டு. எனக்கு டீ இனித்தது. முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டேன்.

“ஆனா ஒருத்தன் கீறான்பா,” என்றாய். “யாருன்னு தெரியல. டெய்லி நாலே முக்காலுக்கு கரெக்டா வந்துடறான். நாலு வாட்டி, அஞ்சு வாட்டி பாக்கறான். ஞாயித்துக்கெயமை மட்டும் வரதில்ல. அவனுக்கோசரம் நடத்திக்கினு கீறேன்.”

கண்ணாடி டம்ளரை வைத்துவிட்டு, அது எப்படித் தெரியும் என்று கேட்டேன். எந்த நேரத்துக்கு எந்த இணைப்பிலிருந்து வருகிறார்கள் என்று கணக்கி தனியாக ஒரு பட்டியல் தரும் என்றாய். பட்டியல் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். காது சூடாகிவிட்டது. நீ என் முகத்தைப் பார்க்காமல் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தாய்.

மறுநாள் பச்சைப் பட்டைக்குக் கீழே புதிதாக ஒரு வரி இருந்தது: ‘நாலே முக்கால் சாருக்கு வணக்கம்.’

எனக்கு வந்த ஆத்திரத்தில் மூன்று நாள் அந்தப் பக்கமே போகவில்லை. நான் போகாவிட்டால் நீ மூடிவிடுவாய். அதைத்தான் நான் விரும்பினேன். நாலாவது நாள் தாங்கவில்லை, போய்ப் பார்த்தேன். அதே இடத்தில், ‘நாலே முக்கால் சார், உடம்பு நல்லாக்கீதா? மூணு நாளா ஆளைக் காணோமே’ என்று எழுதியிருந்தாய். அதை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. என் பேப்பருக்கு நான் ஒரு வாரம் செய்தி அனுப்பாமல் இருந்திருக்கிறேன், மஞ்சள்காமாலையில். ஏன் வரவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. திரும்பி வந்து அனுப்பியபோது, வரவில்லை என்பதே அவர்களுக்குத் தெரியாது என்பது தெரிந்தது. நான் வராததைக் கவனித்தது உலகத்திலேயே உன் கணக்கி ஒன்றுதான். அதற்குப் பிறகு ஒருநாளும் தவறவில்லை. பொறாமையில்தான் போனேன். ஆனால் தவறாமல் போனேன்.

அதற்கப்புறம் உன் காலம் வந்தது. ஷிப்ட் முடிந்து சாயங்கால லோக்கலில் திரும்பும் ஆட்களிடம் அன்றைய பக்கத்தை நீ அச்செடுத்துக் கொடுக்க ஆரம்பித்தாய். ஒரு பெட்டிக்கு ஒரு தாள். அந்தப் பெட்டியில் குரல் நன்றாக இருக்கிற ஒருவர் எழுந்து நின்று படிப்பார். சீட்டாடுகிறவர்கள் சீட்டை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்பார்கள். இன்டர்நெட் என்றால் என்னவென்றே தெரியாத பெண்கள், பூக்கூடையோடு உட்கார்ந்து எளாவூருக்குத் தண்ணீர் வந்துவிட்டதா என்று விசாரிப்பார்கள். காணாமல் போன எருமை கிடைத்த அன்றைக்கு மூன்றாவது பெட்டியில் கை தட்டினார்கள். நான் அந்தப் பெட்டியில்தான் இருந்தேன். என் மடியில் என்னுடைய பேப்பர் இருந்தது, அதன் மூலையில் என்னுடைய மூன்று வரி இருந்தது. பக்கத்தில் இருந்தவர் அதை வாங்கி விரித்து, அதன்மேல் வேர்க்கடலையைக் கொட்டி உரித்தார்.

வீட்டிலும் அதே கதை. என் மகளுக்குக் காது குத்தினோம். நீதான் படம் பிடித்தாய். என் பேப்பரில் அதற்கெல்லாம் இடமில்லை. உன் தளத்தில், சின்ன மாமன் மடியில் உட்கார்ந்து வாயைப் பிளந்து அழும் படம் பெரிதாக வந்தது. மஸ்கட்டில் இருக்கும் என் பெரிய மச்சான் அதைப் பார்த்துவிட்டுப் போன் பண்ணி அழுதான். போனை வைத்துவிட்டு என் மனைவி சொன்னாள்: “இத்தினி வருசமா நீயும் பேப்பர்ல கீற. நம்மூட்டு சேதி ஒன்னாவது வந்துதா?” அன்று இரண்டு இட்லிக்கு மேல் இறங்கவில்லை.

இனி நான் எழுதப்போவது உன்னிடம் ஒருநாளும் சொல்லாதது.

அது ஒரு புதன்கிழமை. எஸ்டேட்டின் கடைசித் தெருவில் இருந்த வார்ப்புத் தொழிற்சாலைக்கு ரத்ததான முகாம் செய்திக்காகப் போயிருந்தேன். அங்கே ஆள் எடுக்கிற அதிகாரி பேச்சுவாக்கில் சொன்னார், வெள்ளிக்கிழமை நடப்பதாக இருந்த நேர்முகத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டோம், உலையில் பழுது என்று. வாசல் கேட்டில் ஒரு தாள் ஒட்டப்போவதாகவும் சொன்னார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். மூன்றரை மணிக்கு உன் போன்.

“அந்த ஃபவுண்டரில ஐ.டி.ஐ. பசங்களை எடுக்கறாங்களாம், வெள்ளிக்கெயமை. நோட்டீசு ஜெராக்சுக்கு வந்துது. உனக்குதான் உள்ள ஆளு தெரியுமே. கரெக்டான்னு சொல்லு, போட்டுடறேன்.”

இரண்டு விநாடி இருக்கும். அந்த இரண்டு விநாடியில் எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. நீ போடுவாய், ரயிலில் படிப்பார்கள், ஜனங்கள் வருவார்கள், திரும்பிப் போவார்கள். அப்புறம் உன் தாளை எவன் படிப்பான்? நோட்டீஸ் வந்திருந்தால் சரியாகத்தானே இருக்கும் என்று சொன்னேன். பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே பல வருஷம் சொல்லிக்கொண்ட வாக்கியம் அது. நிருபர்களுக்கு அப்படிச் சில வாக்கியங்கள் கைவசம் இருக்கும்.

வெள்ளிக்கிழமை காலையில் அந்த கேட்டுக்கு முன்னால் எத்தனை பேர் நின்றார்கள் என்று நான் எண்ணவில்லை. தெரு நிறைந்திருந்தது. ஆரம்பாக்கத்திலிருந்து முதல் ரயிலில் வந்தவர்கள் உண்டு. பள்ளிப்பட்டிலிருந்து விடியுமுன் கிளம்பி மூன்று பஸ் மாறி, மகனோடு வந்த ஒருவர் உண்டு. சர்ட்டிபிகேட்டுகளைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். வாட்ச்மேன் கேட்டில் ஒட்டிய தாளைக் கையால் காட்டிக்கொண்டே இருந்தார். எங்கே கேள்விப்பட்டீர்கள் என்று யாரோ கேட்க, எல்லாரும் உன் கடையைச் சொன்னார்கள். கூட்டம் அப்படியே உன் கடைக்குத் திரும்பியது. நான் எதிர்ப்பக்கத்து பஞ்சர் கடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ ஷட்டரை இறக்குவாய் என்று நினைத்தேன். நீ படிக்கு வெளியே வந்து நின்றாய்.

“என் தப்புங்க,” என்றாய். “நேர்ல போய் கேட்டுட்டுப் போட்டிருக்கணும். கேக்காம போட்டுட்டேன். என்னாலதான் உங்களுக்கு இந்தப் பேஜாரு.”

இன்னொருவரைக் கேட்டேன் என்று நீ சொல்லியிருக்கலாம். என் பெயர் உன் வாயில் எந்த விநாடியும் வரும் என்று எதிரில் நின்று காத்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. சிலர் கத்தினார்கள். பள்ளிப்பட்டுக்காரர் கத்தவில்லை, படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் காலைப் பிடித்துக்கொண்டார். எல்லாருக்கும் டீ வரவழைத்தாய். ஒவ்வொருவரிடமும் பெயர், ஊர், போன் நம்பர் எழுதி வாங்கினாய். போன் இல்லாதவர்களிடம் பக்கத்து வீட்டு நம்பரை வாங்கினாய். அடுத்த மாதம் அந்த நேர்முகம் நடந்தபோது அத்தனை பேருக்கும் நீயே கூப்பிட்டுச் சொன்னாய்.

அன்று சாயங்காலம் உன் மன்னிப்பு தளத்தின் உச்சியில் இருந்தது. என் பெயர் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. மறுபடி பார்த்தேன். மாற்றி எழுதியிருப்பாயோ என்று மறுபடியும். கணக்கி ஓடு ஓடு என்று ஓடிக்கொண்டிருந்தது. ரயிலில் அதைப் படித்தவர் முடித்ததும், “தப்புன்னு ஒத்துக்கினான் பாரு. எந்தப் பேப்பர்காரன் ஒத்துப்பான்?” என்றார். பெட்டி முழுக்க ஆமாம் போட்டது. உன்னைக் கவிழ்க்க நான் செய்த ஒரே காரியம் உன்னை ஏற்றிவிட்டது. நான் வெட்கப்பட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அன்றைக்கு நான் வெட்கப்படவில்லை. மன்னிப்புக் கேட்டே பெரிய ஆளாகிவிட்டானே என்று வயிறுதான் எரிந்தது.

மறுநாள் காலையில் நீ என் வீட்டுக்கு வந்தாய். நீ சாதாரணமாக உட்கார்ந்து, என் மனைவி வைத்த பூரியை நாஷ்டாவுக்குச் சாப்பிட்டாய். மகளுக்குக் காதுப் புண் ஆறிவிட்டதா என்று கேட்டாய். ஃபவுண்டரி பற்றி ஒரு வார்த்தை இல்லை. கிளம்பும்போது வாசலில் நின்று, “எழுத வரியா ரிப்போர்ட்டரு? எடம் அப்டியேதான் கீது,” என்றாய். நேரம் இல்லை என்றேன்.

அதன் பிறகும் இரண்டு வருஷம் நீ நடத்தினாய். ஒரு காலையில் கடையைத் திறந்துவிட்டு, மெஷினில் காகிதம் வைக்கக் குனிந்தவன் எழுந்திருக்கவில்லை. நெஞ்சு என்றார்கள். நான் உனக்காகப் பன்னிரண்டு வரி எழுதி என் பேப்பருக்கு அனுப்பினேன். ஒரு வரிகூட வரவில்லை. உன் மனைவி உன் தளத்தின் கடவுச்சொல்லை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்து, நீங்களே போடுங்கள் அண்ணா என்றார். அதே பன்னிரண்டு வரியை, உன் நாற்காலியில் உட்கார்ந்து, நானே ஏற்றினேன். அன்று சாயங்காலம் எல்லாப் பெட்டிகளிலும் அதைப் படித்தார்கள். மஸ்கட்டிலும் சிங்கப்பூரிலும் படித்தார்கள். என் எழுத்தை அத்தனை பேர் படித்தது என் வாழ்க்கையில் அன்றுதான். அதற்கும் உன் சாவும் உன் தளமும் வேண்டியிருந்தது. அழுதுகொண்டே பொறாமைப்பட முடியும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

ஒரு வருஷம் கழித்துப் புதுப்பிக்க ஆளில்லாமல் தளம் நின்றுபோனது. என்னிடம் கேட்டார்கள். நான் முன்வரவில்லை. உன் இடத்தில் உட்கார்ந்தால் ஊர் என்னை உன்னோடு ஒப்பிட்டுப் பார்க்கும் என்று பயந்தேன்.

இப்போது அந்த ஃபைல். வாராவாரம் கணக்கியின் பட்டியலை நீ அச்செடுத்து, துளை போட்டு, கோர்த்து வைத்திருக்கிறாய். ஜெராக்ஸ் கடைக்காரனுக்கு எதையும் காகிதத்தில் பார்த்தால்தான் நம்பிக்கை. முதல் தாள், தளம் தொடங்கிய முதல் வாரம். நாலே முக்காலைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, பக்கத்தில் உன் கோழிக்கிறுக்கலில் எழுதியிருக்கிறாய்: ‘ரிப்போர்ட்டரு.’

முதல் வாரத்திலிருந்தே. நான் ஃபேக்ஸ் அனுப்புகிற நேரம் உனக்குத் தெரியாதா என்ன? அப்படியானால் டீக்கடையில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டே, ஒருத்தன் இருக்கிறான், யாரென்று தெரியவில்லை, அவனுக்காகத்தான் நடத்துகிறேன் என்று நீ என்னிடமே சொல்லியிருக்கிறாய். நான் போகாத மூன்று நாட்களுக்கு எதிரே ‘கோவம்’ என்று இருந்தது. திரும்பி வந்த நாளுக்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை, ஒரு டிக் மட்டும்.

தாள்களைப் புரட்டி அந்த வெள்ளிக்கிழமையைத் தேடினேன். பதினோரு வட்டங்கள். பதினோரு தடவை பார்த்திருக்கிறேன். எதிரே ஒரே ஒரு சொல்: ‘பாவம்.’

அன்று என்ன நடந்தது என்று உன் மனைவியிடம் கேட்டேன். மத்தியானமே நீ தொழிற்சாலைக்குப் போய் அந்த அதிகாரியிடம் புதுத் தேதி கேட்டிருக்கிறாய். உங்கள் நிருபரிடம் புதன்கிழமையே சொன்னேனே என்று அவர் சொல்லியிருக்கிறார்.

“வந்து படுத்துக்கினாரு. சோறு வாணான்னுட்டாரு,” என்றார் உன் மனைவி. “நான் உங்களை ஏசினேன்ணா. என்னை அதட்டிட்டாரு.”

எல்லாம் தெரிந்துகொண்டுதான் மறுநாள் என் வீட்டில் பூரி சாப்பிட்டிருக்கிறாய்.

இன்று நாலரைக்கு ஃபேக்ஸ் இல்லை, இப்போது எல்லாம் மின்னஞ்சல். ஆனாலும் நாலே முக்காலுக்குப் பஸ் ஸ்டாண்ட் சென்டருக்குப் போய் மூலையில் உட்கார்ந்து உன் முகவரியை அடித்தேன். அப்படி ஒரு பக்கம் இல்லை என்றுதான் இன்றும் வந்தது. இரண்டாவது தடவையும் அடித்தேன். வட்டம் போட ஆளில்லாத இடத்துக்குத் தினமும் வந்துகொண்டுதான் இருக்கிறேன் என்பதை உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

அந்த வெள்ளிக்கிழமைத் தாளை மட்டும் உருவி மடித்து, என் நிருபர் அட்டையின் உறைக்குள் அட்டைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். நீ ‘துரோகி’ என்று எழுதியிருந்தால் நாம் சரிக்குச் சரி ஆகியிருப்போம். உன் இடத்தில் நான் இருந்திருந்தால் அதைத்தான் எழுதியிருப்பேன், பிழையில்லாமல் எழுதியிருப்பேன். பத்தாம் வகுப்புவரை என்னைப் பார்த்து எழுதியவன் நீ. ஆனால் அந்த ஒரு சொல்லை நீ யாரைப் பார்த்தும் எழுதவில்லை. அது எனக்கு வந்திருக்காது. இன்றைக்கு உன்மேல் எனக்கு இருக்கும் பொறாமை அதுதான்.